கண்ணுள் வினைஞர்

மதுரைக்காஞ்சியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒரு சொல்லருகே சற்று நின்று விளக்குவது என் வழக்கம். மதுரையின் அங்காடித் தெருவைக் காட்டிக்கொண்டே வரும் மாங்குடி மருதனார், அங்கே கூடிய ஓவியர்களைக் 'கண்ணுள் வினைஞர்' என்று குறிப்பிடுவார். பார்ப்பவருடைய கண்ணிலே தம் தொழிலைத் தங்க வைப்பவர் என்பது நச்சினார்க்கினியர் காட்டும் பொருள். இந்தச் சொல்லின் நயத்தைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லி வந்திருக்கிறேன். ஆயினும், அச்சொல்லுக்கு உரியவர் ஒருவர் என் வீட்டிலேயே, வாசலோரத்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்பது 2024-ஆம் ஆண்டின் தை மாதம் வரை என் அறிவுக்கு எட்டவில்லை.

துறை மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவர்கள் இலக்கிய ஆய்வு ஒன்றை எதிர்பார்த்திருக்கக் கூடும். நானோ பழைய கார் ஒன்றுக்கு முதன்முதலாக என் கையால் வண்ணம் பூசிய கதையைத் தருகிறேன். இதுவும் ஒருவகையில் பாடங்கேட்ட கதைதான்.

என் அத்தா கார்களுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. திருச்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பதினான்கு வயதில் சென்னைக்கு வந்து, பட்டறைகளில் எடுபிடியாக இருந்து தொழில் பழகியவர். பின்னர்த் தாம்பரத்தில் பெருஞ்சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டுக்கொண்டார். பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் பகுதிகளில் அவரைப் 'பெயின்டர் பாய்' என்றால்தான் தெரியும். என்னை அந்தக் கொட்டகைக்குள் அவர் விட்டதே இல்லை. "தின்னர் வாடை மண்டைக்கு ஆகாது, போய்ப் படி" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த வாடையை நான் அறிந்தது வேறோர் இடத்தில். ஒளுச் செய்யும் உறுப்புகளில் தண்ணீர் படாதவாறு தடுக்கும் பூச்சு எதுவும் இருத்தல் ஆகாது. நகத்தில் ஒட்டிய வண்ணம் அத்தகைய பூச்சு. ஆகவே ஒவ்வொரு தொழுகைக்கு முன்பும் அத்தா மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவுவார். நகக்கண்ணில் சிக்கியதைக் குச்சியால் எடுப்பார். எவ்வளவு கழுவினாலும் அந்த மணம் முழுவதும் போகாது. வெள்ளிக்கிழமை ஜுமுஆவில் பள்ளித் தோழர்கள் இருக்கும் வரிசையில் அவர் வந்து நின்றால், நான் மெல்ல நகர்ந்து வேறு வரிசைக்குப் போய்விடுவேன். 1998-இல் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'வணிகம்' என்று எழுதினேன். இதை எவரிடமும் சொன்னதில்லை, இன்று எழுதுகிறேன்.

அத்தாவிடம் ஒரு கார் உண்டு. 1967-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு, இளநீல நிறம். பட்டறையில் கேட்பாரற்று நின்ற அதனை 1995-இல் மிகக் குறைந்த விலைக்கு வாங்கி, ஓய்வு நேரத்தில் தாமே சீர்செய்து ஓட்டினார். இளைஞர்களுக்கு அந்த வண்டியின் பெயரே புதிதாக இருக்கலாம். அது நம் பகுதியின் பிள்ளை. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனம் 1948-இல் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் பெருஞ்சாலையை ஒட்டி இயங்கியது. இங்கிலாந்தில் 1959-இல் அறிமுகமான டிரையம்ஃப் ஹெரால்டு வண்டி, 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் உருவாயிற்று. அதன் வடிவத்தை அமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலொட்டி. 1970-களில் கெசல் என்ற வண்டி அதன் வழித்தோன்றலாக வந்தது. 1980-களின் பிற்பாதியில் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அத்துடன் கார் உற்பத்தி நின்றது, தொழிற்சாலையும் மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகளும் கணினி நிறுவன அலுவலகங்களும் நிற்கின்றன. பிறந்த இடம் மறைந்த பின்னும் பிள்ளை எங்கள் வாசலில் நின்றது.

2015 டிசம்பரில் வந்த வெள்ளத்தை முடிச்சூர்க்காரர் எவரும் மறந்திருக்க மாட்டார். டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். அடையாற்று வெள்ளம் முடிச்சூர்ச் சாலைப் பகுதிகளைச் சூழ்ந்தது. எங்கள் வாசலில் ஹெரால்டின் பாதிக் கதவு வரை தண்ணீர் நின்றது. எஞ்சினைப் பின்னர் ஒருவாறு சரிசெய்துவிட்டோம். ஆனால், தகட்டுக்குள் புகுந்த ஈரம் போகவில்லை. சக்கரங்களின் மேல்வளைவிலும் கதவடியிலும் வண்ணத்துக்குக் கீழே துரு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அத்தாவுக்கும் அதற்குள் மூச்சிரைப்பு மிகுந்துவிட்டது. கொட்டகையை மூடிவிட்டு வீட்டில் இருந்தார். பிறர் வண்டிகளை எல்லாம் கண்ணாடிபோல் ஆக்கிய மனிதர், தம் வண்டியின் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டே காலையும் மாலையும் அமர்ந்திருப்பார்.

பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தவணையும் நெருங்கியது. வெளியே பட்டறையில் கொடுத்துவிடலாம் என்றேன். "வேறொருத்தன் கை அதுல படவேணாம்" என்றார். "அப்படியானால் யார் செய்வது?" "நீதான். நான் சொல்றேன், நீ செய்." எம்.ஃபில். பட்டம் பெற்ற நாற்பத்து மூன்று வயது மாணவன் ஒருவன் அன்று புதிதாகச் சேர்ந்தான்.

வண்ணம் பூசுதல் என்றால் வண்ணத்தைக் கொண்டுவந்து பூசுதல் என்றுதான் எண்ணியிருந்தேன். அத்தாவின் கணக்கு வேறு. மாலை நேரங்களும் விடுமுறைகளுமாக இருபது நாள் வேலை செய்தோம். அவற்றுள் வண்ணத்துக்கு உரியவை இரண்டே நாள். எஞ்சிய பதினெட்டு நாளும் சுரண்டல், துருவெடுத்தல், பட்டி பார்த்தல், தேய்த்தல். துரு நின்ற இடத்தைத் தகடு வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்ட வேண்டும். ஓர் ஊசிமுனைத் துரு மிஞ்சினாலும் அது மேற்பூச்சைத் தூக்கிவிடும். பள்ளமான இடத்தில் பட்டியை மெல்லிதாக இழுக்க வேண்டும். 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 என்று ஏறி, பின்னர்த் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் 400, 600 எண் தாள்களுக்கு வரவேண்டும். எண் கூடக் கூடத் தாளின் சொரசொரப்புக் குறையும். முந்தைய தாள் விட்ட கீறலை அடுத்த தாள் அழிக்கும். இடையில் ஓர் எண்ணைத் தாண்டினால் அந்தக் கீறல் கடைசிவரை நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

சமமாகிவிட்டதா என்று பார்க்க அத்தா கண்ணைப் பயன்படுத்தவில்லை. மெல்லிய துணியைத் தகட்டின் மேல் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். எனக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் அவர் கை நின்றது. "இங்க ஒரு மேடு இருக்கு" என்றார். நம்பாத எனக்காக ஒரு வேலை செய்யச் சொன்னார். சாம்பல்நிறப் பிரைமரின் மேல் கறுப்பு வண்ணத்தை மிக மெல்லிதாகத் தூவிவிட்டு, கட்டையில் தாளைச் சுற்றித் தேய்க்கச் சொன்னார். மேடான இடத்தில் கறுப்பு முதலில் அழிந்தது. பள்ளத்தில் அப்படியே தங்கியது. அவர் கை நின்ற இடத்தில்தான் கறுப்பு அழிந்து சாம்பல் தெரிந்தது. நான் சுவடி ஒப்பிட்டுப் பாடவேறுபாடு காணும் முறையைப் படித்தவன். அந்த நுட்பத்துக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு முறை இருந்தது. பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிறமும் எழுதப்பட்டிருக்கும். அதை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். ஆகவே பழைய இளநீலமே வேண்டும். வெளித்தகட்டின் நீலம் ஐம்பதாண்டு வெயிலில் வெளுத்துப் போயிற்று. அத்தா முன்பலகையின் சிறிய பெட்டிக் கதவைக் கழற்றச் சொன்னார். அதன் உட்புறத்தில், வெயிலே காணாத ஒரு விரற்கிடை நீலம் இருந்தது. அதைக் கடைக்கு எடுத்துச் சென்று அதற்கு ஒப்பக் கலந்து வாங்கி வந்தேன்.

வாங்கியது பட்டறைக்காரர்கள் 'டியூகோ' என்று வழங்கும் வகை. பருத்தி இழையை அமிலத்தில் பக்குவம் செய்து கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸ் அதன் அடிப்படை. டியூகோ என்பது அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் 1923-இல் இட்ட வணிகப்பெயர். அதுவே பொதுப்பெயர்போல் நம் பட்டறைகளிலும் நிலைத்துவிட்டது. அதற்கு முன்னர் ஒரு காருக்கு வார்னிஷ் வகைப் பூச்சுகள் பூசி உலர்த்தி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். இன்று பெரும்பாலான பட்டறைகளில் கடினமாக்கும் திரவம் கலந்த புதுவகைப் பூச்சுகள் வந்துவிட்டன. அவை மிகுந்த உறுதியும் பளபளப்பும் உடையவை. ஆனால், அந்தத் திரவத்தில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் மூச்சில் கலந்தால் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. வீடுகள் நெருங்கிய தெருவில் அதனைத் தெளிப்பது தகாது. பழைய டியூகோவுக்கும் தின்னருக்கும் கூட நான் தக்க முகமூடி அணிந்தேன். அதை என் முகத்தில் பொருத்திப் பார்த்த அத்தா, "எங்க காலத்துல ஒரு கைக்குட்டைதான்" என்றார். அந்தக் கைக்குட்டையின் விலையை அவர் நெஞ்சு இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இனி, நான் செய்த தவற்றுக்கு வருகிறேன். வேலை தொடங்கிய வாரத்திலேயே அத்தா ஒன்று சொன்னார்: "இடப்பக்கக் கதவை மட்டும் முழுசா தகடு தெரியறமாதிரி சுரண்டிடு, தம்பி." அந்தக் கதவோ மற்றெல்லாப் பகுதிகளையும்விட வழவழப்பாக இருந்தது; துரு அடிவிளிம்பில் மட்டுமே. எதற்காக என்று கேட்டேன். "சுரண்டிடேன்" என்றாரேயன்றிக் காரணம் சொல்லவில்லை. அந்தப் பக்கம் சுற்றுச்சுவரை ஒட்டி இருந்தது. ஒருவர் நிற்கவே இடம் உண்டு. கோலூன்றி அவர் அங்கே வர இயலாது. முதியவரின் பிடிவாதம் என்று எண்ணி, அடிவிளிம்பை மட்டும் சுரண்டிப் பிரைமர் இட்டு, மற்ற பகுதியை லேசாக உரசிவிட்டு நிறுத்திக்கொண்டேன். "கதவு ஆச்சா?" என்று கேட்டபோது, "ஆயிற்று அத்தா" என்றேன்.

தெளிக்கும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்டை வீடுகளுக்குச் சென்று அன்று துணி உலர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மையார், "பாய் வண்டியா? நல்லா அடிங்க" என்று கொடியில் கிடந்த புடவையை எடுத்துக்கொண்டார். தூசி எழாதிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தோம். கண்ணாடிகளையும் விளக்குகளையும் நாளிதழால் மூடி ஒட்டினோம். வாடகைக் கம்ப்ரசரின் அடியில் தேங்கிய நீரைத் திறந்து விட்டோம். காலை பத்து மணிக்கு முன்னர்த் தொடக்கூடாது என்பது அத்தாவின் கட்டளை. தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அங்கே பனியாய்ப் படிந்து வண்ணம் வெளுத்துப்போகும். நம் சென்னைக் காற்றுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஸ்பிரே கன்னைத் தகட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடிக்க வேண்டும். மணிக்கட்டை வீசக்கூடாது, தோளோடு கை முழுவதும் தகட்டுக்கு இணையாக நகர வேண்டும். ஒரு கோட்டின் பாதியை அடுத்த கோடு மூட வேண்டும். நின்றால் வழியும், விரைந்தால் வறளும். நாற்காலியில் இருந்தபடியே அத்தா என் கையின் ஓசையை வைத்துத் திருத்தினார்: "வேகம்… வேகம்… அங்க நிக்காதே." வலப்பக்கமும் கூரையும் முன்மூடியும் முடிந்தன. நீலம் தகட்டில் விழுந்து ஒளிர்ந்தபோது எனக்குள் எழுந்த மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது.

பிறகு இடப்பக்கக் கதவு. முதல் பூச்சு படிந்தது. இரண்டாம் பூச்சு விழுந்த சில நிமிடங்களில், வழவழப்பான அந்தக் கதவு என் கண்முன்னே சுருங்கியது. காய்ச்சிய பாலின் மேல் ஆடை சுருங்குவதுபோல் நடுவிலிருந்து விளிம்பு வரை சுருக்கம் ஓடியது. நான் கன்னைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தா அப்பக்கம் வரவில்லை, பார்க்கவும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டார்: "சுருங்கிடுச்சா?"

கம்ப்ரசரை நிறுத்தினேன். "நீங்கள் சொன்னபடி சுரண்டவில்லை அத்தா. ஆயிற்று என்று பொய் சொன்னேன்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்.

நான் எம்.ஃபில். சேர்ந்த 2003-ஆம் ஆண்டில், தண்ணீர் லாரி ஒன்று உரசி அந்தக் கதவு நசுங்கியதாம். நசுங்கலைத் தட்டி எடுத்துப் பட்டி பார்த்துவிட்டார். வண்ணம் வாங்க எடுத்து வைத்த பணம் என் கட்டணத்துக்குப் போயிற்று. வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு அடித்து மீந்த எனாமல் கொஞ்சம் கிடந்தது. அதில் வேறு நிறம் சிறிது கலந்து, நீலத்துக்கு ஒப்ப ஆக்கி அடித்துவிட்டார். பார்வைக்குத் தெரியாது. ஆனால் எனாமலின் மேல் டியூகோ நிற்காது. அதன் தின்னர் அடியில் உள்ள எனாமலை இளக்கித் தூக்கிவிடும். "ஊரார் வண்டிக்கெல்லாம் ஒழுங்கா அடிச்சவன், என் வண்டிக்கு மட்டும் ஜன்னல் பெயின்ட் அடிச்சேன். அதை உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் காரணம் சொல்லாம சுரண்டச் சொன்னேன்."

என் கட்டணத்துக்காகச் செய்ததை அவர் குற்றம்போல் சொன்னார். அதைக் கேட்டபின் என் குற்றத்தை மறைத்து வைக்க என்னால் ஆகவில்லை. 1998-இல் விண்ணப்பத்தில் 'வணிகம்' என்று எழுதியதைச் சொன்னேன்.

"தெரியுமே" என்றார் அத்தா. "அதுல பெத்தவர் கையெழுத்துன்னு ஒரு இடம் இருந்துச்சில்ல? படிச்சுப் பார்த்துட்டுத்தான் போட்டேன்."

இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் அறிந்திருக்கிறார். ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு அன்று மாலையும் கொட்டகைக்குச் சென்றிருப்பார். மண்ணெண்ணெயில் விரல்களைத் தேய்த்துக் கழுவியிருப்பார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் வேறு வரிசைக்கு நகர்ந்ததையும் கண்டிருப்பார்.

அன்று வேலை அத்துடன் நின்றது. வண்ணம் நன்றாக உலர்ந்த பின்னர், நாங்கள் வண்டியைச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்தினோம். இம்முறை கதவைத் தகடு வரை சுரண்டினேன். நீலம், அதன் கீழ் எனாமல், அதன் கீழ்ப் பட்டி, பட்டிக்குக் கீழே தட்டி எடுத்த சுத்தியலின் தடங்கள். அந்தத் தடங்களின் மேல் விரலை வைத்தபோது அத்தாவின் கையைத் தொடுவதுபோல் இருந்தது. மீண்டும் பட்டி, பிரைமர், 400, 600. அத்தா நாற்காலியைக் கதவருகே போடச் சொல்லி அமர்ந்து, துணியை விரித்து, கண்ணை மூடித் தடவினார். இரண்டு இடங்களைக் காட்டினார்; தேய்த்தேன். மூன்றாம் முறை கை நிற்காமல் ஓடியது. "அடி" என்றார்.

கதவு நின்றது. சில நாள் கழித்து, 1000, 2000 எண் தாள்களால் தண்ணீரில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு இட்டு, மெழுகிட்டோம். பின்பக்கத்தில் ஒரு தூசு சிக்கியிருப்பதையும், வலது வளைவில் ஒரு சொட்டு வழிந்திருப்பதையும் அத்தா கண்டுபிடித்தார். அவற்றைச் சரிசெய்யப் போனேன். "இருக்கட்டும், முதல் வண்டிதானே" என்றார்.

மாலையில் அவரை ஏற்றிக்கொண்டு பெருங்களத்தூர் வரை சென்றேன். தொழிற்சாலை இருந்த இடத்தின் முன் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடிகளைச் சற்றுப் பார்த்தார். அங்கிருந்து வெளியே வந்த இளைஞர் ஒருவர் நின்று, வண்டியைச் சுற்றி வந்து, "யார் சார் பெயின்ட் பண்ணினது?" என்று கேட்டார். நான் அத்தாவைக் காட்டினேன். அத்தா என்னைக் காட்டினார். திரும்பும் வழியில் பள்ளிவாசலில் மஃரிப் தொழுதோம். என் நகக்கண்களில் இன்னும் நீலம் ஒட்டியிருந்தது; அத்தா குச்சி ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அன்று அந்த மணம் என்னிடமிருந்து வந்தது.

மாணவர்களே, ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கையின்போது உங்கள் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பணி எனக்கு வருகிறது. 'தந்தையின் தொழில்' என்ற இடத்துக்கு வந்ததும் சிலருடைய பேனா தயங்குவதைப் பார்க்கிறேன். முன்னெல்லாம் அதனைக் கவனியாதவன்போல் அடுத்த தாளுக்குப் போய்விடுவேன். இப்போது சற்றுப் பொறுத்து, என் அத்தாவின் தொழிலை அவர்களிடம் சொல்லுகிறேன். பெரும்பாலும் அதன்பிறகு பேனா நகர்ந்துவிடுகிறது.